முப்பத்தெட்டில் நின்ற ஓட்டம்

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஸ்கேன் சென்டரின் இரண்டு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் கைவிரித்துவிட்டன. புதிய படம் வைக்க இடமில்லையாம். வெளியே கூடத்தில் இருபத்தேழு பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். வெறும் வயிறும் காத்திருப்பும் சேர்ந்தால் சாது கூட மிரளும்.

சர்வர் அறையில் இருந்தவளை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்தக் கட்டடத்துக்குக் கேபிள் இழுக்க ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். ஏணி போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அந்த அறையும் அதில் இருக்கும் அத்தனை படங்களும் அவள் பொறுப்பு.

சனிக்கிழமை மாலை அவள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நான்கு டிஸ்க்குகள் சேர்ந்து ஒரே டிஸ்க் போல வேலை செய்யும் அமைப்பு அது. நிரம்பி வழிந்ததால் ஐந்தாவது ஒன்றைச் செருகினாள். நான்கு அலமாரித் துணியை ஐந்து அலமாரிக்குச் சமமாகப் பிரித்து அடுக்குகிற மாதிரி, மென்பொருள் எல்லாப் படங்களையும் ஐந்திலும் பரப்பி அடுக்கத் தொடங்கியது. இரண்டு நாள் வேலை. அடுக்கி முடிக்கும்வரை புது இடம் கிடைக்காது. ஞாயிறு முழுக்கத் தங்கை வீடு மாறுகிறாள் என்று பெட்டி தூக்கப் போய்விட்டாள். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. இன்று வந்து பார்த்தால் முப்பத்தெட்டு சதவீதத்தில் நிற்கிறது. வேகம் பூஜ்யம்.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். கூடவே அவருடைய தங்கை கணவரும் வந்தார். அவர் கம்ப்யூட்டர் ஆலோசகர். மேனேஜர் அவரை மாப்பிள்ளை என்று அழைப்பதால் ஆபீஸ் மொத்தத்துக்கும் அவர் மாப்பிள்ளைதான். மாப்பிள்ளை திரையை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இது செத்துருச்சு மச்சான். உடைச்சுட்டுப் புதுசா உருவாக்கிடலாம். ரெண்டு மணி நேரத்துல இடம் ரெடி."

"உள்ள இருக்கற படம்?" என்றாள் ஒயரக்கா.

"பேக்கப் இருக்குமே."

"ரெண்டு வருஷத்துக்குத்தான் இருக்கு. பெரிய பேக்கப் வேணும்னு மூணு தடவை எழுதிக் கேட்டேன். மீதி ஒம்பது வருஷம் இதுல மட்டும்தான் இருக்கு."

"பழைய படத்தை யாரு பாக்கப் போறா?"

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவர்களை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அடுத்தவன் வீட்டைக் கொளுத்தத் தீப்பெட்டியோடு காரில் வந்து இறங்குகிறவரை இன்றுதான் பார்க்கிறாள்.

"பாஸ்வேர்டை அவர்கிட்ட குடுங்க," என்றார் மேனேஜர்.

"குடுக்க மாட்டேன் சார்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது ஒயரக்காவுக்குத் தெரியாததல்ல. இதே வாயால் இதற்கு முன் இரண்டு வேலை போயிருக்கிறது. காலையில்கூடக் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்காவது கொஞ்சம் அடக்கி வாசி. உனக்கு நாலாவது வேலை தேட எனக்குத் தெம்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். பயமாகத்தான் இருந்தது. பயந்தால் ஒன்பது வருடம் போய்விடும் என்பதும் தெரிந்திருந்தது.

"நான் சொன்னா செய்யணும். இல்லைன்னா வீட்டுக்குப் போகலாம்."

"போறேன் சார். இது ஓடினதுக்கு அப்புறம் போறேன்."

அந்த நேரம் பார்த்து, படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடத்தில் ஒரு தையல்காரப் பெண், நுரையீரலில் புள்ளி இருக்கிறதென்று வேறு இடத்தில் எடுத்த படத்தோடு வந்திருக்கிறாள். ஏழு வருடத்துக்கு முன்னால் இங்கே எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும்.

"எடுங்க டாக்டர், வரும்," என்றாள் ஒயரக்கா.

டாக்டரம்மா அங்கிருந்த கணினியிலேயே தேடினார். பழைய படம் திரையில் வந்து நின்றது. அதே இடம், அதே புள்ளி, அதே அளவு. டாக்டரம்மா, "ஏழு வருஷமா வளரவே இல்லை, பயமில்லை" என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கு ஓடினார்.

"செத்தது எப்படிங்க படம் காட்டும்?" என்றாள் ஒயரக்கா மாப்பிள்ளையைப் பார்த்து. "நின்னுருக்கு. சாகலை."

மாப்பிள்ளை டையைத் தளர்த்தினார். மேனேஜர் மணியைப் பார்த்தார். "பன்னெண்டு மணி வரைக்கும்தான்," என்று சொல்லிவிட்டு மச்சானும் மாப்பிள்ளையும் வெளியே போனார்கள்.

முதல் காரியமாக, கூடத்தில் இருந்தவர்களுக்கு வழி பண்ணினாள். ஸ்கேன் இயந்திரத்துக்குள்ளேயே மூன்று நாள் படம் தங்கும். சர்வருக்கு அனுப்பி வைக்கும் வேலையை மட்டும் நிறுத்தியதும் இயந்திரங்கள் முனகிக்கொண்டு கிளம்பின. மேனேஜர் பட்ட அவசரம் அதோடு தீர்ந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை.

பிறகு ஐந்து டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஐந்தும் நல்ல பிள்ளைகள். கேபிளை அசைத்துப் பார்த்தாள், உறுதி. பிழை என்று ஒரு வரி இல்லை. குற்றவாளியே இல்லாத குற்றம். கடைசியில் பதிவேட்டைப் பின்னோக்கி உருட்டி, அடுக்கும் ஓட்டம் கடைசியாக அசைந்த நேரத்தைத் தேடிப் பிடித்தாள். ஞாயிறு காலை எட்டு மணி, பூஜ்யம் நிமிடம், பூஜ்யம் வினாடி.

டிஸ்க் சாகிறதென்றால் மணி பார்த்துச் சாகாது. மணி பார்த்து வேலை செய்கிறவன் இந்த அறையில் ஒருவன்தான். அவனைப் பெற்றவளும் அவளேதான்.

ஆறு வருடத்துக்கு முன், மாதாமாதம் டிஸ்க்குகளைச் சோதிக்கும் ஓட்டத்தால் காலையில் படம் வரத் தாமதமாகிறது என்று மேனேஜர் கத்தியபோது, அவள் ஆறு வரியில் ஒரு சின்ன நிரல் எழுதிவைத்தாள். காலை எட்டுக்கு, எந்த ஓட்டமாக இருந்தாலும், 'இதற்கு மேல் போகாதே' என்று ஓர் எண்ணை எழுதி நிறுத்தும். இரவு எட்டுக்கு, நின்றிருப்பது 'சோதனை' என்றால் மறுபடி ஓட விடும். சோதனை என்றால் மட்டும். இப்போது நின்றிருந்ததன் பெயர் 'மறு அடுக்கு'. நிறுத்துகிறவன் ஆள் பார்க்கவில்லை. விடுகிறவன் ஆள் பார்த்தான். ஞாயிறு இரவு வந்து, பெயரைப் படித்து, இது நம்ம ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறான்.

ஒயரக்காவுக்கு முகம் சுட்டது. மாப்பிள்ளைமேல் இத்தனை நேரம் பட்ட கோபத்தில் பாதியை எடுத்துத் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டாள். சத்தம் போடாமல் திருத்திவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

அந்த எண்ணை அழித்து, 'கடைசிவரை போ' என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை எழுதினாள். ஐந்து பச்சை விளக்குகளும் துடித்தன. முப்பத்தெட்டு புள்ளி மூன்று. மணி பதினொன்று ஐம்பது. பன்னிரண்டுக்கு வந்த மேனேஜர் எண் ஏறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த ஆறு வரி நிரலை அன்றைக்கே நிறுத்தி வைத்தாள்.

செவ்வாய் மாலை நூறு ஆனது. ஆனாலும் இடம் பழைய அளவே காட்டியது. "பாத்தீங்களா" என்று ஆரம்பித்த மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லாமல், இடம் பெரிதானதை, படங்களைக் கணக்கு வைக்கும் கோப்பு அமைப்புக்கும் தெரிவிக்கும் வரியை அடித்தாள். உடனே அகலமாகிவிட்டது. மாப்பிள்ளை அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

புதன்கிழமை கோளாறு அறிக்கை எழுதும் நாள். டாக்டர்கள் எல்லோருக்கும் போகும் காகிதம். மேனேஜர் வாங்கிப் படித்தார். காரணம் என்ற இடத்தில் இரண்டே வரி இருந்தது.

'ஓட்டம் நின்றதற்குக் காரணம்: நான் எழுதிய தவறான நிரல். ஒன்பது வருடப் படங்களை அழிக்கும்படி உத்தரவிட்டவர்: மேனேஜர்.'

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் அன்றைக்கு இருந்த குரல் இல்லை.

"முதல் வரி நல்லா இருக்கும்மா. நேர்மையா ஒத்துக்கிட்டீங்க. அது போதும். ரெண்டாவது வேண்டாமே. எடுத்துடுங்க."

"நின்னதுக்கு நான்தான் காரணம் சார். அதை மறைக்கலை," என்றாள் ஒயரக்கா. "ஆனா நின்னதால எதுவும் போகலை. போயிருந்தா ரெண்டாவது வரியாலதான் போயிருக்கும்."

"எடுத்துடுங்கன்னு சொல்றேன்."

அவள் காகிதத்தை மேஜைமேல் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இதையும் அழிக்கச் சொல்றீங்களா சார்?"

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வரியையும் மறுபடி படித்தார். வெளியே இயந்திரம் அடுத்த ஆளின் எண்ணைக் கூப்பிட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையெழுத்துப் போடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.