தலத்தெருவுக்கு நடந்து வரும் ஊர்

சென்ற தை மாதத்திலிருந்து சனி, ஞாயிறு காலைகளில் காரைக்கால் கலங்கரை விளக்கம் கடற்கரையை விட்டுக் கிளம்பி, பாரதியார் சாலை வழியாகத் தலத்தெரு வரை நடந்து வந்து, வெயில் ஏறுவதற்குள் திரும்பிப் போகிறது. மின்கம்பி குறுக்கே வந்தால் குனிந்துகொள்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மட்டும் நெரிசல். அதற்கு ஒரு காவலரைப் போட்டிருக்கிறார்கள். பின்னாலேயே மாதா கோயில் கோபுரமும், அம்மையார் கோயில் குளமும் வருகின்றன. குளம் வரும்போது மீன் துள்ளி ரோட்டில் விழுந்தால் எடுத்து உள்ளே போட்டுவிட வேண்டும் என்று கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்திருக்கிறார்கள். அதையும் மீறிக் குழம்பு வைத்தவர்கள் இரண்டு வீட்டார். பெயர் எதற்கு, எல்லாருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் காரணம் கமருன்னிசா. திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு அரை நாள் மிச்சம் வைத்திருக்கிற வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு காரைக்காலைக் கால்நடையாகச் சுற்றிக்காட்டுவது அவர் வேலை. பல வருஷம் செய்தார். போன ஐப்பசி மழையில் ஸ்கூட்டி வழுக்கி, லாரிச் சக்கரம் ஏறி, வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சுற்றுலா அலுவலகத்து அதிகாரி சிதம்பரநாதன் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்து, வழிகாட்டி அட்டையைத் திருப்பிக் கேட்டார். ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை போட்டுத் தருவதாகவும் சொன்னார். ஆள் கெட்டவர் இல்லை. தான் செய்கிற உதவியை ஒருத்தர் வேண்டாமென்று சொல்லக்கூடும் என அவருக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான். “காலைத்தான் சார் எடுத்தாங்க, வாயை எடுக்கலை. அட்டையக் கொண்டுபோங்க, ஊரைக் கொண்டுபோக முடியாது” என்றார் கமருன்னிசா. பழத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தை பிறந்த முதல் சனிக்கிழமை தலத்தெருவில் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். போனில் சொல்லிவைத்திருந்த கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வந்தது. வாயாலேயே ஊரைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்பதுதான் அவர் எண்ணம். ஆனால் பழக்கதோஷம், “இந்தப் பக்கம் திரும்புங்க, இதுதான் கலங்கரை விளக்கம்” என்று எதிர்வீட்டு முருங்கைமரத்தைக் காட்டிவிட்டார். அவர்கள் திரும்பினார்கள். மரத்துக்குப் பக்கத்தில், அடியில் ஈரமணல் உதிர, கலங்கரை விளக்கம் நின்றது. நாலு பேர் எதிரே அவர் வாய் பொய்யாகிவிடக் கூடாதென்று ஓடி வந்திருக்கிறது. கமருன்னிசா மேலே சொல்லத் தொடங்கினார்.

ஊரில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதிக்கு வருகிறார். கோயிலுக்குப் போக முடியாதவர்களை வாசலில் தூக்கி உட்காரவைத்தால் சப்பரம் நிற்கிறது, மாடியிலிருந்து வீசுகிற மாம்பழம் அவர்கள் மடியிலும் விழுகிறது. மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரியில் ரதமும் அப்படித்தான் தெருத்தெருவாக நின்று போகிறது. எழுந்து போக முடியாதவரிடம் வரவேண்டியது வந்துதான் தீரும் என்பது இந்த ஊர் வழக்கம். கட்டடத்துக்கு மட்டும் அது தெரியாதா என்ன? புதிதாக அட்டை வாங்கிய ரஞ்சித்குமார்தான் பாவம். தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு ஆட்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போனால் அங்கே வட்டமாக ஒரு பள்ளமும் நாலு நண்டும். இரண்டு வாரம் பள்ளத்தைக் காட்டிப் பார்த்தார், பிறகு கூட்டத்தைத் தலத்தெருவுக்கே ஓட்டிவந்து தானும் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

சிதம்பரநாதன் கொதித்துவிட்டார். கிளிஞ்சல்மேட்டு மீனவர்களிடம் போய், கலங்கரை விளக்கம் இடம் மாறுவதால் படகுக்கு ஆபத்தென்று எழுதித் தரச் சொன்னார். “பகல்ல அதை யாருங்க பாக்குறா, இருட்டுறதுக்குள்ள வந்துடுதுல்ல?” என்று அவர்கள் வலையைப் பிரிக்கப் போய்விட்டார்கள். சிதம்பரநாதன் நேரே கமருன்னிசா வீட்டு வாசலில் வந்து நின்றார். “காரைக்காலுக்கு வந்தவங்களுக்குக் கடலைக் காட்டாம அனுப்புறதுக்குப் பேரு சுற்றுலாவா மேடம்? ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். கடலைக் காட்டுங்க. இல்லேன்னா நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுடுங்க.”

விஷயம் தெரியாமல்தான் சொன்னார். நடந்து காட்டிய காலத்திலேயே கமருன்னிசா கடற்கரைச் சுவரோடு நின்றுவிடுவார். மற்றவர்களைப் போய்ப் பார்த்து வரச் சொல்லிவிட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார். சுனாமி வந்த அந்த ஞாயிறு காலை அவருடைய நானா, கூடப்பிறந்த அண்ணன் சஃபியுல்லா, கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தார். ஜனாஸா தொழ உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கடலோடு பேச்சுவார்த்தை கிடையாது. சிதம்பரநாதன் சொல்லிவிட்டுப் போன அந்த வாரம் முழுக்க அவர் அழுதார். பக்கத்துவீட்டு நீலாயதாட்சி, “வேண்டாங்க்கா, நாற்காலிதானே, உள்ள போட்டுக்குவோம்” என்றார். கமருன்னிசா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அதுக்குப் பயந்து நான் உள்ள போனேன்னு ஆகக் கூடாது தாட்சி.”

ஞாயிற்றுக்கிழமை தெரு நிறைந்திருந்தது. கலங்கரை விளக்கம், கோபுரம், குளம் எல்லாவற்றையும் காட்டி முடித்தார். பிறகு நாற்காலியைக் கிழக்கே திருப்பச் சொல்லி, “வா” என்றார். “மெதுவா வா. அன்னைக்கு வந்த மாதிரி வராதே.”

கடல் வந்தது. தெருமுனையில் திரும்பி, தெரு அகலத்துக்கு ஒடுங்கி, கணுக்கால் உயரத்தில், ஒரு வீட்டுப் படியையும் நனைக்காமல் வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றது. மற்ற இடங்களைச் சொல்கிற அதே குரலில் கமருன்னிசா, “இதுதான் கடல். எங்களுக்கு மீன் கொடுத்துச்சு, கப்பல் கொடுத்துச்சு. எங்க நானாவ எடுத்துக்கிச்சு. அவருக்குப் பத்தொன்பது வயசு” என்றார். மிச்சமிருந்த காலை இறக்கித் தண்ணீருக்குள் வைத்தார். “இந்தா. இழு பாப்போம்.” தண்ணீர் அசையவில்லை. பிறகு இத்தனை வருஷம் வைத்திருந்ததையெல்லாம் திட்டித் தீர்த்தார். வெளியூர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், கடல் கேட்டுக்கொண்டு நின்றது. கடைசியில், “சரி, போ. நான் கூப்பிட்டாத்தான் இந்தத் தெருவுக்குள்ள வரணும்” என்றார். போனது.

சிதம்பரநாதன் சுருட்டிய பேண்ட்டோடு வந்து பையிலிருந்து பழைய அட்டையை எடுத்து நீட்டினார். “நீங்களே வச்சுக்குங்க சார், எனக்கு வேலை இருக்கு” என்றார் கமருன்னிசா.

இப்போது தலத்தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடல் போனபிறகுதான் கோலம் போடுகிறார்கள். போன வாரம் கமருன்னிசாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கடல் மத்தியானம்வரை தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.