மடி காலியான பொம்மை

பழைய இத்தாலியின் கப்புவா ஊர்க் கோயில் திருவிழாவில் பக்கியா நாலு கடை ஏறி இறங்கிவிட்டாள். எல்லாக் கடையிலும் காணிக்கைக்கான சுட்டமண் பொம்மைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் ஒரு பிள்ளை, இன்னொருத்தி மடியில் இரண்டு. ஓரத்தில் இருந்தவள் ஆறு பிள்ளைகளைச் சுள்ளிக்கட்டு மாதிரி அணைத்திருந்தாள்.

"பிள்ளை இல்லாத பொம்பளை இருக்கா?"

கடைக்காரி நோவியா சிரித்தாள். "பிள்ளை வரம் குடுக்கிற சாமிக்கு அதை யாரு வாங்குவாக்கா?"

"நான் வாங்குவேன். வீட்ல அஞ்சு பொண்ணுங்க. போதும்னு எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்லு."

"சொல்லிச் சொல்லித்தான் அஞ்சு ஆச்சு. உங்க சாமிக்குக் காது மந்தம்."

ஒற்றைப் பிள்ளைக்காரியை வாங்கிப்போய், மரத்தடியில் கல்லெடுத்துப் பிள்ளையை மட்டும் பதமாகத் தட்டினாள். கூடவே ஒரு முலையும் பெயர்ந்து வந்தது. போகட்டும், அதற்கும் ஓய்வு வேண்டாமா!

கோயிலில் பூசாரியம்மாள் முகத்தைச் சுளித்தாள். "உடைஞ்சதை வாங்கறதில்ல."

"உடையலம்மா, உடைச்சேன். வேண்டுதலே அதுதான்."

வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள். பழகிய இருமல். திரும்பினால் புருஷன் ஸ்டேனியஸ். போர்வைக்குள்ளிருந்து ஒரு மண்தாய் எட்டிப் பார்த்தாள், மடியில் இரட்டைப் பிள்ளை. இரண்டும் ஆண்தான் என்று சாமிக்குச் சந்தேகமே வராதபடி, தனியாக மண் உருட்டி ஒட்டச் சொல்லியிருந்தான்.

"யோவ்! மாட்டுச் சந்தைக்குப் போறேன்னியே!"

"நீ உங்க அக்கா வீட்டுக்குப் போறேன்னியேடி!"

வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் வேண்டுதலை மறந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள். "ஒரே வீட்லேர்ந்து ரெண்டு வேண்டுதலா? சாமி பஞ்சாயத்து பண்ணவா உக்காந்திருக்கா? வெளிய போய்ப் பேசி முடிங்க" என்று துரத்தினாள் பூசாரியம்மாள்.

படிக்கட்டில் பக்கியா குரலைத் தாழ்த்தினாள். "கடைசிப் பிள்ளை பிறந்தப்ப எனக்கு மூணு நாள் ரத்தம் நிக்கல. நீ திராட்சைத் தோட்டத்துல அறுவடைப் பாட்டு பாடிக்கிட்டிருந்தே. மருத்துவச்சி எனக்குக் குழி வெட்டச் சொல்லிட்டா."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீ கேக்கலையே."

அவன் தன் பொம்மையைப் போர்வைக்குள்ளிருந்து வெளியே எடுத்தான். அதோடு மறுபடி கோயிலுக்குள் போனான். அவளும் பின்னாலேயே போனாள்.

"இது எங்க வீட்டுக்கில்லம்மா. எங்க வெள்ளைப் பசுவுக்கு" என்று பொம்மையை நீட்டினான்.

"பசுவுக்கு ரெட்டை ஆம்பளைப் பிள்ளையா?"

"எதுவோ ஒண்ணு. இவ பொம்மையையும் வாங்கிக்கோங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேக்கறோம்."

பூசாரியம்மாள் முணுமுணுத்தபடி இரண்டையும் மேடையில் வைத்தாள். பக்கியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே அவன் தோளில் சாய்ந்தாள். கடைசிப் பிரசவத்துக்கு அப்புறம் அவள் அவன்மேல் சாய்வது இதுதான் முதல் தடவை.

"இங்கயே ஆரம்பிச்சிடாதீங்க. அடுத்த ஆளு வா!" என்றாள் பூசாரியம்மாள்.