ஸ்கூட்டரில் விளைந்த உப்பு

மாசி மாதத்து முதல் வெள்ளியன்று விடியற்காலையில் சூர்யகலாவின் நீல நிற ஸ்கூட்டரில் உப்பு விளைந்திருந்தது. கடற்காற்றால் வண்டிகளின் மேல் படியும் வெளிர்ப்பூச்சை மரக்காணத்தில் அறியாதார் இல்லை; இது அந்த வகை இல்லை. கால் வைக்கும் தளத்தில் தொடங்கி இருக்கையின் விளிம்பு வரையில், பதம் கண்ட உப்பளப் பாத்தியில் விளைவதைப் போலவே, சதுரச் சதுர மணிகளாகக் கதிரொளியை வாங்கி மின்னிக்கொண்டிருந்தது. தெருவார் சிலர் வந்து பார்த்தனர். ஒருத்தி ஒரு மணியை நாவில் வைத்து, கசப்பில்லை என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். உப்பு எவ்வாறு வந்தது என்பதைக் காட்டிலும், ஏழு மணிக்குள் வேலைக்குப் போய்ச் சேர முடியுமா என்பதே சூர்யகலாவின் கவலையாக இருந்தது.

இளம் வயதிலேயே உப்பளத்தில் இறங்கியவள் அவள். குதிகாலின் வெடிப்புகளில் உவர்நீர் புகுந்து எரிந்த எரிச்சலை ஆண்டுக்கணக்கில் பொறுத்தவள். ஆரோவில் அருகே ஒரு விருந்தினர் விடுதியின் சமையற்கூடத்தில் வேலை கிடைத்த அன்று, பூமீசுவரர் சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, இனி இந்தக் கால்கள் அளத்தை மிதியாதிருக்க அருள்க என்று வேண்டிக்கொண்டாள். இறைவன் அருளினான், பேருந்துதான் அருளவில்லை. நேரத்துக்கு வராத பேருந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சியே அவளும் கணவன் மணிவண்ணனும் கிளியனூருக்குப் போய், ஓய்வு பெற்ற ஆசிரியை வைஜெயந்தியிடம் அதிகம் ஓடாத அந்த ஸ்கூட்டரைப் பார்த்தார்கள். பழைய வேட்டியால் போர்த்தி, வீட்டுக்குள்ளேயே நிறுத்தியிருந்தார் ஆசிரியை.

“கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும்தாம்மா எடுப்பேன். ஒரு மழைல நனைஞ்சதில்ல. பெத்த புள்ள மாதிரி வச்சிருந்தேன்.”

“புள்ளைய எதுக்கு டீச்சர் விக்கறீங்க?” என்றான் மணிவண்ணன்.

“முட்டி மடங்கலியேப்பா. புள்ள மேல ஏறி உக்கார முடியல.”

ஆர்.சி. புத்தகம் பெயர் மாறி வந்தது. சக்கரங்களின் கீழ் எலுமிச்சை நசுங்கியது. தை முழுவதும் ஸ்கூட்டர் ஒரு குறையும் சொல்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடியது. அப்புறம்தான் மாசி பிறந்தது.

முதல் நாள் உப்பை மணிவண்ணனே அகற்றினான். அவன் அளத்து வேலைக்காரன். சிறிய மரப்பலகை ஒன்றை எடுத்துவந்து, அடியிலுள்ள வண்ணம் கீறாமல், மணி உடையாமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து, அழகாகக் குவித்து வாரினான். மறுநாள் அதைவிட மிகுதியாக விளைந்தது. அதையும் வாரினான். அதற்கடுத்த நாள் செல்ஃப் வேலை செய்யவில்லை. பிறகு கிக்கர் இறுகிற்று, பிளக் செத்தது, பூட்டுத் துளைக்குள் சாவி நுழைய மறுத்தது.

மெக்கானிக் ஆரோக்கியராஜ் கார்புரேட்டரைக் கழற்றித் தட்டியபோது ஒரு கைப்பிடி உப்பு கொட்டியது. “இன்னாக்கா, வண்டிய ரோட்டுல ஓட்டறியா, கடலுக்குள்ள ஓட்டறியா?” என்றான் அவன். நன்னீரால் கழுவச் சொன்னான்; கழுவினாள். மண்ணெண்ணெயால் துடைக்கச் சொன்னான், துடைத்தாள். பாலித்தீன் உறையால் மூடச் சொன்னான், மூடினாள். உறைக்குள் வெக்கை ஏறி விளைச்சல் இரட்டித்தது. கிளியனூருக்கே கொண்டுபோய் ஆசிரியையின் வீட்டில் ஓர் இரவு நிறுத்திப் பார்த்தாள், அங்கும் விளைந்தது. “என்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு கல்லு உப்பு பாத்ததில்லம்மா. நீங்க இன்னா பண்ணீங்க?” என்று கேட்டார் வைஜெயந்தி, வளர்த்தவரின் மனத்தாங்கலோடு. ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள் சூர்யகலா. அந்தப் பங்குனியில் ஸ்கூட்டரை ஓட்டிய தொலைவைவிடத் தள்ளிய தொலைவே அவளுக்கு அதிகம். வியர்த்து, மூச்சிரைத்து, சமையற்கூடத்தில் அவள் நுழையும்போது விருந்தினர்கள் காலை உணவை முடித்திருப்பார்கள். இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பாளர் அம்மாள் மிகவும் மென்மையாகச் சொன்னார். அந்த மென்மைதான் சூர்யகலாவை அச்சுறுத்தியது.

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது மணிவண்ணன் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். “முதலாளி பாத்தில கூட இவ்ளோ வெள்ளையா எடுத்ததில்லண்ணே. காலைல வந்து பாருங்க, பலகைய வச்சா அப்படியே வழுக்கிக்கினு வருது.” குரலில் பெருமிதம் இருந்தது. சூர்யகலா தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றாள். தானும் அந்நாள்களில் பாத்தி பாத்தியாக வாரியவள்தானே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“யோவ், வாருன பாத்திதானேயா மறுபடி விளையும்! தெனம் வாரி வாரி என் வண்டியப் பாத்தியாக்கி வச்சிருக்கியே!”

“கண்ணெதிர்ல வெளஞ்சி நிக்குது. வாராம எப்படிம்மா இருக்கறது?”

“வாராம வுட்டா இன்னா ஆவும்?”

“பாறையா எறுகிடும். அப்பறம் அந்தப் பாத்தி ஒண்ணுத்துக்கும் ஒதவாது.”

“எனக்கு அதான் வேணும்,” என்றாள் அவள். பலகையை அடுப்பில் வைத்தாள்.

அடுத்து வந்த நாள்கள் மணிவண்ணனுக்குக் கொடியவையாக இருந்தன. விடிந்ததும் அவன் கைகள் தாமாகவே முற்றத்துப் பக்கம் நீண்டன; சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டான். வெளியே உப்பு விரல் கனத்துக்கு ஏறிற்று. சூர்யகலா பூட்டுத் துளையையும் விளக்கையும் சக்கரத்தையும் கிக்கரையும் மட்டும் ஊசியால் குத்தி விடுவித்து, ஆரோக்கியராஜின் பைக்கில் இரவல் பயணமாக வேலைக்குப் போய்வந்தாள். சித்திரை வெயிலில் மணிகள் ஒன்றோடொன்று இறுகின. ஒரு நாள் காலையில் புதிய உப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கிக்கரை ஒரே மிதி மிதித்தாள். இயந்திரம் தை மாதத்துக் குரலிலேயே பேசியது.

நீல நிறம் போனது போனதுதான். இப்போது அந்த ஸ்கூட்டர் வெண்பாறையில் குடைந்தெடுத்த வாகனம் போலச் சாலையில் போகிறது. ஐப்பசி அடைமழையில் கரைந்துவிடும் என்று சிலர் காத்திருந்தனர். மழை அதைக் கழுவிப் பளபளப்பாக்கியதோடு சரி. சாவடியில் நிறுத்திய காவலர், தலைக்கவசம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பினார். விடுதியில் முந்திரி மரத்தடியில் அதை நிறுத்துகிறாள். ஆடுகள் சுற்றி நின்று நக்குகின்றன. குழம்புக்கு உப்புக் குறைந்தால் பொறுப்பாளர் அம்மாளே வெளியே வந்து இருக்கையின் ஓரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு போகிறார். ஏழு மணிக்கு முன்பாகவே சூர்யகலாவின் அடுப்பு எரிகிறது.

பின்பிரேக் மட்டும் கீச்சென்று கத்துகிறது. ஆரோக்கியராஜ் இருமுறை கழற்றி மாட்டிவிட்டான்; அது ஏன் அப்படிக் கத்துகிறது என்றுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.