பக்கத்தில் நான் இருந்தேன்

அப்பா இறந்தபோது வீட்டில் இருந்தவர்கள்: வாசலில் ஃபோனோடு அண்ணன், சமையலறையில் அண்ணி, மாடியில் தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா, குளியலறையில் அவள். அப்பாவின் அறையில் இருந்தவர் அப்பா மட்டும்.

இப்போது எல்லோரும் அந்த அறையில் நின்றார்கள். அவள் அப்பாவின் தாடையை ஏற்றித் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். தொற்று வார்டில் நர்ஸாகப் பதினான்கு மாதம் போட்ட முடிச்சு அது.

அந்தப் பதினான்கு மாதமும் அண்ணன் அவளை வாசலோடு நிறுத்தினான். நோய் ஓய்ந்து அவள் வேலையை விட்ட பிறகும் உள்ளே விடவில்லை. அப்பா படுக்கையில் விழுந்ததும்தான் கூப்பிட்டான். வந்தவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். மீதி நேரம் கை கழுவினாள். நாற்பது வரை எண்ண வேண்டும். நடுவில் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. அண்ணி சோப்பை ஒளித்துவைத்துப் பார்த்தாள், பலனில்லை. அப்பா மட்டும் படுக்கையிலிருந்து குரல் கொடுப்பார்: "கை இருக்கா, தேஞ்சுபோச்சா?"

அண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"கடைசில எப்படிப் போனாரு?"

அவள் நிமிர்ந்தாள். குரல் தானாக மாறியது.

"உங்க அப்பா வலி எதுவும் இல்லாம தூக்கத்துலயே போய்ட்டாருங்க. பக்கத்துல நான் இருந்தேன். உங்களுக்குத் துணைக்கு யாராவது இருக்காங்களா?"

வார்டிலிருந்து ஃபோனில் வீடு வீடாகச் சொன்னது. ஒரு நர்ஸுக்கு முப்பது கட்டில். அவள் யார் பக்கத்திலும் இருந்ததில்லை.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக்கிக்கொண்டார்.

"எனக்கேவா நர்ஸம்மா?" என்றான் அண்ணன்.

அண்ணி கதவோரம் நின்று, பால் தீர்ந்துவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ரெண்டு தடவ கூப்பிட்டாரு. இவ குழாய மூடவேயில்ல. நர்ஸ் இருக்காளேன்னுதான் நான் போகல."

அண்ணியை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவளுக்கும் கேட்டிருந்தது. முதல் குரலை வழக்கமான கிண்டல் என்று நினைத்தாள். இரண்டாவது வந்தபோது முப்பத்தாறில் இருந்தாள். எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

நான்கு மணிக்கு மயானத்துக்குப் போகும் வண்டி வந்தது. அப்பாவை ஏற்றினார்கள். சித்தப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார், அண்ணி பின்னால். அங்கே அண்ணனுக்குப் போக இன்னும் ஒரு ஆள் உட்காரலாம். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணன் அவளுடைய துணிப்பையை எடுத்துவந்து தோளில் மாட்டிவிட்டான். ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பை.

"நானும் வர்றேண்ணே."

"நீ எதுக்கு? சாவு உனக்கு டியூட்டி. எங்களுக்கு அப்பா."

"அப்புறம் நான் எங்க..."

"அவருக்காகத்தான் உன்ன வச்சிருந்தேன்."

டிரைவர் ஹார்ன் அடித்தான். அவள் தன் கைகளைப் பார்த்தாள். அப்பாவைத் தொட்ட பிறகு கழுவவில்லை.

"கை மட்டும் கழுவிட்டு வந்துடறேண்ணே. ஒரு நிமிஷம்."

"வெளிய எங்கயாவது கழுவிக்கோ."

விரல்களை விரித்து, உடம்பில் படாமல் இரண்டு கைகளையும் தூக்கிப்பிடித்தபடி அவள் படி இறங்கினாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.