முழங்கை நீளக் கயிறு

ஏழு வருடம் பரணில் கிடந்த ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு அக்கா வாசல்படி இறங்கியதும், இடது காலணியின் அடிப்பாகம் தனியே கழன்று படியிலேயே தங்கிவிட்டது. பசை காய்ந்து பொடியாகியிருந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவர், செருப்புக்கே ஓட இஷ்டமில்லை போலிருக்கிறதே என்றார். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய்ப் புதுசு வாங்கினாள். காலணி கடையில் கிடைக்கிறது, பழைய கால் எந்தக் கடையில் கிடைக்கும்?

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பரிசோதனைக் கூடம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை. தங்கைக்கு அவளைவிட நாலு வயது குறைவு. இருபது வயதிலேயே இரண்டு கண்ணும் போய்விட்டது. அந்தத் தங்கையை அழைத்துக்கொண்டுதான் அக்கா ஒரு முறை அந்த நீண்ட பந்தயத்தை முடித்திருந்தாள். ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதற்கும் மேல் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில். சைக்கிள் இருவர் மிதிக்கிற நீள சைக்கிள், முன்னால் அக்கா, பின்னால் தங்கை. ஓட்டத்தில் முழங்கை நீளக் கயிறு ஒன்று, ஆளுக்கொரு முனை. வழிகாட்டி கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பது பந்தயத்தின் சட்டம். கயிறு தொய்ந்தேதான் இருக்க வேண்டும்.

அக்காவுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வாழ்க்கையில் வேறொன்றும் கிடையாது. படிப்பு சுமார், வேலை சுமார், கல்யாணம் சுமாருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் கண் தெரியாத தங்கையை அத்தனை தூரம் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தவள் அவள். அதை வெளியில் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. உள்ளுக்குள் மட்டும் தினமும் ஒரு தடவையாவது எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

அப்புறம் இரண்டு பிரசவம், முதுகுத்தண்டில் வட்டு விலகல், ஆள் பற்றாக்குறையால் இரட்டை ஷிப்ட். ஏழு வருடம் போன இடம் தெரியவில்லை. சின்னச் சின்னப் பந்தயங்களுக்குத் தங்கை யாரோடாவது போய் வந்தாள். நீண்ட பந்தயத்துக்கு யார் கூப்பிட்டாலும், அக்கா வரட்டும் என்று ஒரே பதில். இந்த வருடம் அவளே போன் செய்து கேட்டாள், போகலாமாக்கா என்று. நாற்பதைத் தொடுவதற்குள் இன்னொரு தரம் போய்விட வேண்டும் என்றாள். அக்கா யோசிக்கவே இல்லை.

யோசித்திருக்கலாம். பழைய பயிற்சி நோட்டைத் தேடி எடுத்து, முதல் பக்கத்திலிருந்து அதே வேகம், அதே தூரம் என்று ஆரம்பித்தாள். விட்டுப்போய்த் திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற மடத்தனம்தான் இது. நோட்டு நேற்று எழுதியது மாதிரி இருக்கும், உடம்பு இருக்காது. மூன்றாவது வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நீச்சல் குளத்தில் பத்துச் சுற்றுக்கு ஒரு முறை சுவரைப் பிடித்துத் தொங்கினாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இருந்தது. ஒரு நாள் அதிகாலையில் சைக்கிள் மிதித்துவிட்டு வேலைக்கு வந்தவளுக்கு நரம்பு பிடிபடாமல், ஒரு பெரியவருக்கு மூன்று இடத்தில் குத்த வேண்டியதாயிற்று. அவர் கையைத் தேய்த்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

வெயில், புதுக் காலணி, தூக்கக் குறைவு என்று தினம் ஒரு காரணம் வைத்திருந்தாள். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. நாலு மாதம் இப்படியே போனது. ஆனாலும் தங்கையோடு ஓடும்போது மட்டும் கயிறு ஒரு நாளும் விறைத்ததில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்கா தைரியமாக இருந்தாள். தங்கைக்கும் வயதாகிறது, இரண்டு பேரும் சமமாகத்தான் தேய்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒரு ஞாயிறு. வழிகாட்டியின் பெயரைக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அன்று காலை ஏரியைச் சுற்றி ஒரு ஓட்டம், ஐந்து கிலோமீட்டர். ஏழு வருடத்துக்கு முன்னால் அக்காவும் தங்கையும் இருபத்தொன்பது நிமிடத்தில் சுற்றியதுதான் அவர்களுடைய சாதனை. இந்த நாலு மாதத்தில் முப்பத்தாறுக்குக் கீழே வந்ததே இல்லை.

அன்றைக்கு அரைக் கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. அதே கெண்டைக்கால் சுண்டி இழுக்க, அக்கா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் தபால்காரி வந்துகொண்டிருந்தாள். பகலில் தெருத் தெருவாக நடந்து கடிதம் கொடுக்கிறவள், விடிந்தும் விடியாமலும் இங்கே வந்து ஓடுகிறவள். தங்கையோடு சின்னப் பந்தயங்களுக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறாள். வந்தது வீணாகப் போக வேண்டாம், ஒரு சுற்று கூட்டிப்போய் வா என்று சொல்லி அக்காவேதான் அவள் கையில் கயிற்றைக் கொடுத்தாள். கடிகாரத்தையும் அவளேதான் அமுக்கினாள்.

ஏரிக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெரிந்தபோது, வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். தங்கை ஓடுவதை அவள் தள்ளி நின்று பார்த்ததே கிடையாது. எப்போதும் பக்கத்தில் ஓடியவளுக்குத் தோளும் கையும்தான் தெரியும். அந்தக் கால்கள் இத்தனை அகலமாக எட்டு வைக்கும் என்று தெரியாது. தலை நிமிர்ந்து, வாய் லேசாகத் திறந்து, பயமே இல்லாமல் வந்துகொண்டிருந்தாள் தங்கை. தபால்காரிக்குத்தான் வியர்த்து ஊற்றியது.

இருபத்து மூன்று நிமிடம், நாற்பது வினாடி.

அக்கா கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தாள். இப்போது தங்கை தனக்காக மெதுவாக ஓடியிருக்கிறாள், அது சரி, அதைத் தாங்கிக்கொள்ளலாம். நாற்பத்து மூன்று வயதில், இரண்டு பிள்ளை பெற்றபின் யாராக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் அந்த இருபத்தொன்பது நிமிடம்? தங்கைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முப்பத்திரண்டில் இதைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் மெதுவாக ஓடியவள் முப்பத்தொன்பதில் இப்படி ஓடுவாளா?

தபால்காரி விடைபெற்றுப் போனதும் இருவரும் காரில் வந்து உட்கார்ந்தார்கள். தங்கை தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அக்கா காத்திருந்தாள்.

"அப்பவும் எனக்காகத்தான் மெதுவா ஓடினியா?"

தங்கை பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். திரும்பவும் திறந்தாள்.

"ஆமாக்கா."

"பந்தயத்துலயுமா?"

"பந்தயத்துலயும்தான். சைக்கிள்லயும் நான்தான் கொஞ்சம் அதிகமா மிதிச்சேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. உன் மூச்சுலயே தெரியும். எப்படிச் சொல்றது?"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். நாலு மாதமாக நாக்குத் தள்ள ஓடி அவள் திரும்பப் போக நினைத்த அந்தப் பெண், அந்தக் கெட்டிக்காரி, அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. கூட்டிப்போனவள் கூட்டிப்போகவில்லை. அழுதால் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கும் என்பதால் அழவும் முடியவில்லை.

தங்கை போனை எடுத்து விண்ணப்பத்தைத் திறந்தாள். போன் ஒவ்வொரு வரியாக வாசித்தது. பெயர், வயது, ரத்த வகை. வழிகாட்டியின் பெயர் என்ற இடம் வந்ததும் தங்கையின் விரல் திரைமேல் நின்றது. காருக்குள் சூடு ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா தபால்காரியின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தங்கையின் முகத்தையே பார்த்தாள். ஏழு வருடமாக 'அக்கா வரட்டும்' என்று சொன்னவள், ஒரு தடவையாவது, ஒப்புக்காவது, வேண்டாம்க்கா என்பாள் என்று எதிர்பார்த்தாள்.

தங்கை ஒரு நீண்ட மூச்சு விட்டாள். பெயரை அடித்தாள். போன் அதைத் திருப்பி வாசித்து, அடுத்த வரிக்குப் போனது.

"சட்டை அளவு கேக்குதுக்கா," என்றாள். "அவங்களுக்கு மீடியம் போடவா?"

"மீடியம் போதும்," என்றாள் அக்கா.