அரை டிக்கெட்

"மிதி."

மிதித்தாள்.

"விடு."

விட்டாள்.

"மிதி… விடு… மிதி. இப்ப அப்படியே பிடி. விட்டுடாதே."

டிரைவர் சீட்டின் நுனிக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அவள் பிரேக்கை அமுக்கிப் பிடித்தாள். அமுக்கினாள் என்பதைவிட அதன் மேல் ஏறி நின்றாள் என்று சொல்வதுதான் சரி. அவள் உயரத்துக்கு அந்த சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் காலுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கும்.

லாரிக்கு அடியில், பின் சக்கரத்தை ஒட்டி, அவள் புருஷன் மல்லாந்து படுத்திருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். லாரி ஓட்டுவதை நிறுத்திய பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் குழாயின் திருகைத் திறந்து காற்றை விட்டு மறுபடி மூட வேண்டும். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் போச்சு, போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே வந்துவிடும்.

"ம், விடு," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "தேறிட்டே நீ. பேசாம உன்னையே கிளீனரா வச்சிருக்கலாம்."

"வச்சிருப்பீங்க, வச்சிருப்பீங்க. முழுச் சம்பளமும் மிச்சம்."

"உனக்கு எதுக்கு முழுச் சம்பளம்? அரை டிக்கெட்டுக்கு அரைச் சம்பளம்."

கல்யாணம் ஆன வாரமே வைத்த பெயர் அது. பஸ்ஸில் கண்டக்டர் அவளைப் பார்த்து, "பாப்பாவுக்கு அரை டிக்கெட்டா சார்?" என்று கேட்டுத் தொலைத்தான். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு வேறு பெயரே கிடையாது. அதே வாரத்தில்தான் அவர் அவளை லாரியில் ஏற்றி வெளியூருக்குக் கூட்டிப் போனார். ஒரு பகல் முழுக்கக் கால் தரையில் எட்டாமல் தொங்கியது. இறங்கும்போது இரண்டு காலும் மரத்து, வீங்கி, நிற்கவே முடியவில்லை. "இனிமே செத்தாலும் உங்க லாரியில ஏற மாட்டேன்," என்று அன்றைக்குச் சொன்னாள். சொன்னபடியே இருந்தும் காட்டினாள். அவரும் கூப்பிடவில்லை. ஓடிய ஊர்களையெல்லாம் வீட்டுக்கு வந்து கதையாகச் சொல்வார். மேகம் கீழே தெரியும் மலை வளைவு, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடை, ராத்திரியானால் மான் குறுக்கே வரும் காட்டு ரோடு என்று ஒவ்வொன்றாக அவள் காதால்தான் பார்த்தாள்.

இப்போது திடீரென்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. "ஒரு தடவை எல்லாரும் போயிட்டு வந்துடலாம். நான் பாத்ததையெல்லாம் நீ பாக்கணும்." கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய லாரியை வெளியே இழுத்தார். பின்பக்கம் இரண்டு பெஞ்சு அடித்தார். மேலே தார்ப்பாய்க் கூரை, மூலையில் தண்ணீர் டிரம், அடுப்பு வைக்க ஒரு பெட்டி. உடம்பு முழுக்க நீல பெயிண்ட். மகனும் மருமகளும் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவள் மட்டும், "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்," என்று ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு, கடைசியில் சரி என்றாள். வாய்தான் முணுமுணுத்ததே தவிர, மனசு அன்றைக்கே கிளம்பிவிட்டது.

"அந்தப் பக்கம் என்னத்தைச் சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். பக்கத்து சீட்டுக்கு முன்னால், தரையில் ஒரு கோணிச் சாக்கு கிடந்தது.

"பெயிண்ட் காயல. கையை வச்சுடாதே."

"என் ஸ்டூல் இருந்தா முதுகுக்காவது வச்சிருப்பேன். நுனியில உக்காந்து இடுப்பு போச்சு."

"இன்னுமா அந்த ஸ்டூலை நீ மறக்கல?"

எப்படி மறப்பாள்? சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தால் கால் வைத்துக்கொள்ள இருந்த ஒரே குட்டி ஸ்டூல். பத்து நாளாகக் காணோம். மருமகள் போன வாரம் வீட்டைச் சுத்தம் செய்து பழைய சாமானெல்லாம் தூக்கிப் போட்டிருந்தாள். அதோடு அதுவும் போய்விட்டது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. வாய்க்கு வந்தபடி கேட்டாள். "நான் எடுக்கவே இல்ல அத்தை," என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்ட மருமகள், அதன் பிறகு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு மட்டும் நேரத்துக்கு எதிரே வந்து உட்காரும்.

"உங்க மருமக தூக்கிப் போட்டுட்டா. கேட்டா முகத்தைத் தூக்கி வச்சுக்கறா."

"அவ போடல."

"நீங்க பாத்தீங்களா?"

"போடலன்னா போடலதான். கிளம்புற அன்னிக்குத் தானா கிடைக்கும் பாரு. சரி, கடைசி சக்கரம். மிதி… விடு… மிதி. பிடி அரை டிக்கெட், நான் சொல்ற வரைக்கும் விடாதே."

பிடித்தாள். காலுக்குக் கீழே பெடல் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. கீழே அவர் திருகைத் திறந்துவிட்டார் என்று அர்த்தம். இனி மூடிவிட்டு 'விடு' என்பார்.

சொல்லவில்லை.

"என்னங்க?"

ஸ்பேனர் தரையில் விழும் சத்தம் கேட்டது. வண்டிக்கு அடியில் படுத்தபடியே தூங்கிப்போகும் பழக்கம் அவருக்கு உண்டு. 'அண்ணன் அடியில படுத்தா ரிப்பேரா ரெஸ்டான்னு கண்டுபிடிக்க முடியாது' என்று, அந்தக் காலத்தில் அவரோடு லாரியில் ஓடிய கிளீனர் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"தூங்கிட்டீங்களா? எனக்குக் கால் நடுங்குது."

டூட்டிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்த மருமகள் அந்தக் குரலைக் கேட்டுக் குனிந்து பார்த்தாள். பையைக் கீழே போட்டாள். நர்ஸ் உடையோடு மண்டியிட்டு லாரிக்கு அடியில் நுழைந்தாள்.

"அத்தை, இறங்குங்க."

"அவர் இன்னும் விடச் சொல்லலையே."

"அத்தை… இறங்கி வாங்க."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. மருமகள் மாமனாரை வெளியே இழுத்துப் போட்டு, நெஞ்சில் கை வைத்து அழுத்தி அழுத்தி, அவள் நெற்றி வியர்வை அவர் சட்டையில் சொட்டியது. மகன் செருப்பில்லாமல் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தான். டாக்டர் மருமகளின் தோளைத் தொட்டு, "போதும்மா," என்றார். அப்போதும் அவள் உடனே கையை எடுக்கவில்லை.

பிறகு எழுந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலி தெரிஞ்சிருக்காது அத்தை. ஒரு நொடிதான் இருக்கும். உடனே பாத்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பத்து நாள் கழித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய முதல் பேச்சு அது. மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையிலும் கிரீஸ் ஒட்டியிருந்தது.

*

மறுநாள் காலையில் மகன் வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தான். நல்ல பையன்தான். மருந்துக் கடையில் வேலை. சைக்கிள் செயின் கழன்றால்கூட மாட்டத் தெரியாது. நேற்றிலிருந்து லாரி நிற்கும் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"அமரர் வண்டி பத்து மணிக்கு வந்துடும்மா. அப்புறம்… லீவை கேன்சல் பண்ணிடறோம். இந்த லாரியையும் யாருக்காவது கொடுத்துடலாம். அதைப் பாக்கப் பாக்க உனக்குத்தான் கஷ்டம்."

"வண்டி வேண்டாம்."

"என்னம்மா?"

"வாசல்ல வண்டி நிக்குது. இன்னொரு வண்டி எதுக்கு? அவர் அதுலதான் போவார்."

"பிரேக் வேலை பாதியில நிக்குதும்மா!"

"அதுக்கென்ன? முடிச்சுடலாம்."

கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அத்தனை நாள் ஆசை ஆசையாக ஒரு மனுஷன் வண்டியைத் தயார் செய்தான். அதில் ஒரு தடவைகூட ஏறாமல் அவரை வேறு எவனுடைய வண்டியிலோ ஏற்றி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

சுவரோரமாக நின்ற கிளீனர் தம்பி முன்னால் வந்தார். தலை நரைத்து, பேரன் எடுத்து, சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்து, அங்கே நாலு பேருக்கு முதலாளி. இந்த வீட்டில் மட்டும் அவர் இன்னும் கிளீனர் தம்பி.

"அண்ணி சொல்றது சரி. அரை மணி நேர வேலை," என்றார். சட்டையைக் கழற்றினார். "யாராவது ஏறி மிதிங்க."

மகன் தயங்கித் தயங்கி ஓரடி எடுத்து வைத்தான்.

"நீ இரு. நான் மிதிக்கிறேன்," என்றாள்.

நேற்று அவர் கிடந்த அதே இடத்தில் கிளீனர் தம்பி படுத்தார். அவள் அதே சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மிதிங்க அண்ணி."

மிதித்தாள்.

"விடுங்க அண்ணி."

விட்டாள்.

"மிதிங்க… பிடிங்க அண்ணி…" குரல் அதோடு நின்றுபோனது. பெடல் இறங்கித் தரையைத் தொட்டது.

"தம்பி!"

"இருக்கேன் அண்ணி, இருக்கேன்," என்று மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "விடுங்க. முடிஞ்சுது. இப்ப மிதிச்சுப் பாருங்க."

பெடல் பாதியிலேயே கெட்டியாக நின்றது. எவ்வளவு அமுக்கியும் அதற்குமேல் இறங்கவில்லை. கிளீனர் தம்பி வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வேற எதுவும் தொட வேண்டாம். மத்ததெல்லாம் அண்ணன் முடிச்சுட்டார். போல்ட்டு ஒண்ணு விடாம முடுக்கி வச்சிருக்கார்," என்றார்.

பின்னால் இரண்டு பெஞ்சுகளையும் சேர்த்துப் போட்டு அவரைப் படுக்க வைத்தார்கள். அவர் அடித்த பெஞ்சு, அவர் நீளத்துக்குச் சரியாக இருந்தது. மகன் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

அவள் சுற்றி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தாள். ஏறுவதற்கு மருமகள் கை கொடுத்தாள். சீட்டில் உட்கார்ந்து, கால் வைக்க இடமில்லாமல், கீழே கிடந்த கோணிச் சாக்கை இழுத்தாள்.

ஸ்டூல்.

அவளுடைய குட்டி ஸ்டூல்தான். நாலு காலையும் கொஞ்சம் அறுத்துக் குறைத்து, தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. லாரிக்கு அடித்த அதே நீலம் அதற்கும். கால் வழுக்காமலிருக்க மேலே பழைய டயரிலிருந்து வெட்டிய ரப்பர். முன்பக்கத்தில், வெள்ளை பெயிண்ட்டில், அவருடைய கோணல் கையெழுத்து:

'அரை டிக்கெட் மட்டும்.'

அடப் பாவி மனுஷா! பத்து நாள் அவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறாள், மருமகளைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள். இவர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, 'போனாப் போகுது, வேற வாங்கிக்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்.

"இங்க வா," என்று மருமகளைக் கூப்பிட்டாள். "மேல ஏறி வா. இதைப் பாரு."

மருமகள் ஏறிப் பார்த்தாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"நான் எடுக்கலன்னு சொன்னேன்ல அத்தை?"

"சொன்னே. நான்தான் கேக்கல. மனசுல வச்சுக்காதே கண்ணு."

மருமகளுக்கு முதலில் உதடுதான் துடித்தது, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து இவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். வெளியே நின்றவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் உண்மையாகிவிட்டது.

ஒரே ஒரு தடவை, எந்தக் காலத்திலோ, கால் தொங்கியது என்று சொன்னாள். அதைப் போய் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். அவர் போய்விட்டார் என்ற வலி நெஞ்சில் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்படி ஒருத்தர் தனக்குக் கிடைத்தாரே, நல்லா வாழ்ந்துட்டேனே என்ற எண்ணம் அந்த வலிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. யாரிடமாவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டியவர் பின்னால் படுத்திருந்தார்.

மருமகள் நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். கிளீனர் தம்பி ஏறி ஸ்டார்ட் செய்தார். பழைய எஞ்சின் ஒரு தடவை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"அந்த லீவை கேன்சல் பண்ணாதே," என்றாள் மருமகளிடம்.

"சரி அத்தை."

"உன் புருஷன் கிட்டயும் சொல்லிடு. வண்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். தம்பி, நீயும்தான் வரணும். ஓட்டுறதுக்கு ஆள் வேணும்ல?"

"கூப்பிடலன்னாலும் வருவேன் அண்ணி," என்றார் கிளீனர் தம்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார். "இப்ப எப்படிப் போகட்டும்? நேரா போனா பத்து நிமிஷம். ஆத்துப் பாலத்து வழின்னா சுத்து."

"சுத்தியே போ."

தெருமுனை இறக்கத்தில் குறுக்கே ஒரு நாய் வந்தது. கிளீனர் தம்பி பிரேக்கைத் தொட்டார். தொட்ட இடத்தில் வண்டி நின்றது. எல்லோரும் ஒரு தடவை முன்னால் சாய்ந்து பின்னால் வந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். கால் இரண்டும் ஸ்டூல் மேல் அசையாமல் இருந்தன.