மூணாவது வரிசைக்கு ஏணி

எனக்கு வாய் நீளம்னு வீட்ல எல்லாரும் சொல்வாங்க. அந்த வாயை வெச்சுத்தான் பதினாலு வருஷமா பிழைக்கறேன். பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊர்ல, நம்ம ஆளுங்க நடத்தற பெரிய துணிக்கடை ஒண்ணுல மைக்ல பேசறது என் வேலை. குழந்தை தொலைஞ்சாலும், யாரோட காராவது வழியை மறிச்சு நின்னாலும், கடை மூடற நேரம் வந்தாலும் மூணு மாடிக்கும் என் குரல்தான் கேட்கும்.

இன்னொண்ணும் சொல்வேன். "மூணாவது வரிசைக்கு ஏணி தேவை." கேமரா ரூம்ல உட்கார்ந்திருக்கற பொண்ணு போன்ல வரிசை நம்பரை மட்டும் சொல்லுவா, நான் மைக்ல சொல்லுவேன். ஏணியும் வராது, ஒரு மண்ணும் வராது. காவலுக்கு நிக்கற மீசைதான் வருவார். கறுப்பினத்து ஆளு யாராவது கொஞ்ச நேரம் நின்னு துணி பார்த்தா, போய்ப் பக்கத்துல நில்லுன்னு அதுக்கு அர்த்தம். எங்கேயும் எழுதி வைக்கலை. எனக்கு முன்னாடி இருந்தவங்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நான் லீவு போட்டா வர்றவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். சத்தியமா, எனக்கு அது தப்பாவே படலை. என் மேஜையிலிருந்து எந்த வரிசையும் தெரியாது.

என் பையன் கட்டிக்கிட்டது கறுப்பினத்துப் பொண்ணை. முதல்ல தாம்தூம்னு குதிச்சேன், மறைக்க என்ன இருக்கு. மூணு மாசம் முகம் கொடுத்துப் பேசலை. அப்புறம் எனக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு. அவ நர்ஸு. பெத்த பிள்ளை என்ன செய்யறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்க, என்னைக் குளிப்பாட்டி, கையைப் பிடிச்சு நடக்க வெச்சவ அவதான். அவன்கிட்ட நம்ம பாஷையைக் கத்துக்கிட்டு, வாய் நிறைய "அத்தை"ன்னு கூப்பிடுவா. எனக்கு அவ மேல உசிரு. இப்போ அவளுக்கு ஆறு மாசம்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடிச்சுது. "அக்கா, மூணு." டீ கிளாஸைக் கீழே வெச்சுட்டு மைக்கை எடுத்தேன். பத்து நிமிஷம் கழிச்சு மீசை என் மேஜைக்கு வந்தார். கூட என் மருமக. கைப்பை திறந்தபடியே கிடந்துச்சு.

"மைக்ல பேசறது என் அத்தை, அவங்ககிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு நான்தான் சொன்னேன்," என்றாள். "குழந்தைத் துணி பார்த்துட்டிருந்தேன் அத்தை. உங்க குரல் கேட்டுச்சா, சந்தோஷமா நிமிர்ந்து பார்த்தேன். திரும்பினா இவர். எல்லார் முன்னாடியும் பையைக் கொட்டச் சொன்னார்."

மீசைக்கு முகம் செத்துப் போச்சு. "அக்கா, உங்க மருமகள்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா கிட்டவே போயிருக்க மாட்டேன்." மேனேஜர் ஓடி வந்து ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவ தொடலை.

அன்னைக்கே தலைமை ஆபீஸுக்குப் புகார் எழுதினா. எழுதினதை எனக்குப் படிச்சும் காட்டினா. 'அந்த வரிசையில் அலமாரி என் இடுப்பு உயரம்தான். அங்கே எதற்கு ஏணி கேட்டார்கள்? கேட்ட ஏணி ஏன் வரவில்லை?'ன்னு ஒரு இடம். "உங்ககிட்ட சொன்னதைத்தானே நீங்க மைக்ல சொல்லியிருப்பீங்க. நீங்க பக்கத்துல இருந்தாப் போதும் அத்தை," என்றாள். அப்பவே சொல்லியிருக்கணும். பாழாப்போன வாய், அன்னைக்குப் பார்த்துத் திறக்கலை.

விசாரிக்கத் தலைமை ஆபீஸ் அம்மா ஒருத்தங்க வந்தாங்க. உள்ளே போறதுக்கு முன்னாடி மேனேஜர் என்னைத் தனியா இழுத்தார். "அக்கா, ஏணின்னா ஏணிதான். உங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது. இன்னும் ரெண்டு வருஷம், நிம்மதியா ரிட்டயர் ஆகுங்க." நான் தலையாட்டினா, இல்லாததைச் சொல்றவள்னு அவளுக்குப் பேர் வந்துடும். உண்மையைச் சொன்னா வேலை போகும், போகட்டும். ஆனா அவளை அன்னைக்குக் காட்டிக் கொடுத்தது எந்தக் குரல்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். அதுக்குத்தான் பயந்தேன்.

அந்த ரூம்ல அவ எனக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தா. ஏணின்னா வேற ஏதாவது அர்த்தம் இருக்கான்னு மேனேஜர்கிட்ட கேட்டாங்க, அப்படி ஒரு வழக்கமே இல்லைன்னார். மீசை தரையைப் பார்த்துக்கிட்டு "ஆமாங்க, இல்லைங்க" என்றார். அவ கண்ணு கலங்கி என்னைப் பார்த்தா.

"இருக்கு," என்றேன். "ஏணின்னா கறுப்பினத்து ஆளு நிக்கறாங்க, கவனின்னு அர்த்தம். பதினாலு வருஷமா சொல்றேன். அன்னைக்கும் நான்தான் சொன்னேன்."

அந்த அம்மா எழுதறதை நிறுத்திட்டு, "இது தப்புன்னு உங்களுக்கு எப்போ தோணுச்சு?"ன்னு கேட்டாங்க.

"என் மருமகளைக் கொண்டுவந்து நிறுத்தினப்போ."

அவ என்னையே பார்த்துட்டிருந்தா. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். மெதுவாத்தான் கேட்டா.

"எனக்கு முன்னாடி வந்தவங்க யாருக்கும் அத்தை இல்லையா?"

ஒரு முகமாவது ஞாபகம் வருதான்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒருத்தர்கூட வரலை. நான் அவங்களைப் பார்த்ததே இல்லை.